துண்டுக்கடியில் வாங்கிய டயர்

நீ வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்டா. ஒரே இலையில் தின்றவன் நீ. இவனை மலையில் கொண்டுபோய்த் தள்ளுகிறோமே என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்.

உங்களைச் சொல்லலைங்க டீச்சர். எழுந்திரிக்காதீங்க, உட்காருங்க. நாவக்கொம்பைப் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்தவங்கதானே? பெட்டியைப் பார்த்தாலே தெரிகிறது. ஜீப்பு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். பசுவண்ணன் அந்தியூரில் ரேஷன் அரிசி ஏற்றிக்கொண்டு வரவேண்டும். முன்னால் எல்லாம் என் வண்டிதான் உங்களை ஏற்றிப்போகும். அதோ, புளியமரத்தடியில் கல்லு மேல் நிற்கிறதே, அதுதான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, பின்னால் தொட்டி கட்டியது. பதினாலு வருஷம் அந்த மலைக்கு ஏறின வண்டி. இப்போது கோழி அடைகிறது.

அவன் பேரைச் சொல்ல மாட்டேன். பவானி ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறான். போர்டில் பேர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, போகும்போது நீங்களே படித்துக்கொள்ளுங்க. என் வாயால் வராது.

என் பேர் ராக்கியண்ணன். தரகன் ராக்கி என்றால் அந்தியூர் மாட்டுச்சந்தையில் தெரியாதவன் கிடையாது. படிப்பு மூணாம் வகுப்பு. மிச்சத்தையெல்லாம் சந்தையில் படித்தேன், அடி வாங்கிப் படித்தேன். பேரம் பேசாமல் நான் ஒரு பொருள் வாங்கியதில்லைங்க. இந்தச் சரசக்கா கடையில் ஊருக்கெல்லாம் டீ பன்னிரண்டு ரூபாய். எனக்குப் பத்து.

"அந்த ரெண்டு ரூவாய்க்குத்தான் உனக்குத் தனியாத் தண்ணி ஊத்தறேன்."

கேட்டீங்களா பேச்சை? அது அப்படித்தான் பேசும். பத்துக்குக் கொடுக்கிறதா இல்லையா, அதைப் பாருங்க.

சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம், டீச்சர். துண்டைக் கைமேல் போட்டுக்கொள்வோம். விற்கிறவன் தரகன் கை ஒன்று, வாங்குகிறவன் தரகன் கை ஒன்று, இரண்டும் துண்டுக்கடியில். எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை ஆயிரம். சுற்றி நூறு பேர் நிற்பான், ஒருத்தனுக்கும் தெரியாது. வாய் பாட்டுக்கு வேறு பேசும். "இந்த மாட்டை இனாமாக் கொடுத்தாலும் வேண்டாம்" என்று வாய் சொல்லும், விரல் விலையை ஏற்றிக்கொண்டிருக்கும். சந்தையில் வாய் இருக்கிறது பொய்க்குங்க. நிசமெல்லாம் விரலில்.

டயர் கடைக்கு முன்னால் அவனும் தரகன்தான். நானும் அவனும் பத்து வருஷம் கூட்டு. வெளியே தெரியாது. சந்தையில் அவன் ஒரு பக்கம், நான் எதிர்ப் பக்கம், ஆகாதவர்கள் மாதிரி திட்டிக்கொள்வோம். அவன் விற்கிறவனோடு நிற்பான். மாட்டுக்கு உள்ளே ஏதாவது சீக்கு இருந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். துண்டுக்கடியில் விலை பேசும்போது என் சுண்டுவிரல் அடியில் நகத்தால் ஒரு அமுத்து அமுத்துவான். விட்டுவிடு, ஆகாத உருப்படி என்று அர்த்தம். நான் துண்டை உதறிக்கொண்டு போய்விடுவேன். அந்த அமுத்து எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான். பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

சரி, டயருக்கு வருகிறேன்.

ஆவணி கடைசியில் என் வண்டி டயரெல்லாம் மொட்டை. டயரில் கட்டை கட்டையாக நிற்குமே, பட்டன் என்போம், அது தேய்ந்து தரையோடு தரையாகப் போய்விட்டது. ஐப்பசி மழைக்குள் மாற்றியாகணும். நாவக்கொம்பைக்கு ரோடு கிடையாது டீச்சர், நீங்களே பார்ப்பீங்க. ஏழு கிலோமீட்டர், பாதி பாறை, பாதி செம்மண். மழை விழுந்தால் செம்மண் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும், வெண்ணெய்க்கு அடியில் பாறை கத்தி மாதிரி நிற்கும். அதில் ஏறுகிற வண்டிக்குத்தான் அந்த ஊர் லைன். அரிசி, மண்ணெண்ணெய், சீக்காளி, கல்யாணச் சாமான், எல்லாம் அந்த வண்டியில்தான். பதினாலு வருஷமாக அது என் லைன். வேறு எவனையும் அவர்கள் கூப்பிட்டதில்லை.

அவன் தானாகவே ஒரு நாள் வந்தான். நான் கூப்பிடவில்லை. என் வண்டியில் ஏறி மேலே வந்து, இறங்கும்போது நடந்தே இறங்கினான். ஏழு கிலோமீட்டரும். பாறை விளிம்பையெல்லாம் கையால் தடவிப் பார்த்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவன்கூட அப்படிப் பார்க்க மாட்டான். கீழே வந்து சொன்னான், "ராக்கி, உனக்கு அகல டயர் ஆகாது. ஒடிசலான டயர் போடு. சேத்தை அறுத்துக்கிட்டு அடியில பாறையப் புடிக்கும். சைடு தடிப்பா இருக்கணும். இந்தக் கல்லு பட்டன்ல வெட்டாது, சைடுலதான் வெட்டும். கோயமுத்தூர்ல சொல்லி ஸ்டெப்னியோட அஞ்சு வரவைக்கிறேன்."

எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. கடைக்காரன் எதற்கு ஏழு கிலோமீட்டர் நடக்கிறான்? ஆதாயம் இல்லாமல் ஒருத்தன் நடப்பானா?

கடைக்குப் போனேன். அந்த அஞ்சு டயரும் வந்திருந்தது. பார்த்தால் நோஞ்சான் மாதிரி ஒல்லியாக இருக்கிறது. விலையோ கூட. நிமிர்ந்து பார்த்தேன். மேல்தட்டில் ஒரு செட். அகலம் இவ்வளவு! பட்டன் ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு. பார்த்தாலே பயம் வருகிற டயர். "அதை இறக்கு" என்றேன்.

"அது வேண்டாம், ராக்கி."

"ஏன் வேண்டாம்?"

"ஒரு ரிசார்ட்டுக்காரன் சொல்லிப்போட்டு எடுக்காம உட்டது. நாலு வருசமா கெடக்குது. ரப்பர் காஞ்சு போச்சு. இங்க பாரு." டயர் பக்கத்தில் நாலு நம்பரைக் காட்டினான். எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று அதில் இருக்குமாம். "மாட்டுக்குப் பல்லு, டயருக்கு இந்த நாலு நம்பரு. சைடுல முடி மாதிரி வெடிப்பு ஓடுது, விரல வெச்சுப் பாரு."

விரலை வைத்துப் பார்த்தேன். வெடிப்பு இருந்தது. இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் டீச்சர், நான் தரகன். சந்தையில் எவனாவது தன் மாட்டைத் தானே குறை சொல்வானா? சொன்னான் என்றால் அதை வேறு யாருக்கோ ஒளித்து வைத்திருக்கிறான். நூற்றுக்கு நூறு. நல்ல உருப்படியை நமக்குக் காட்டாமல் தள்ளிவிடுகிற வித்தை அது. நானே எத்தனை தடவை செய்திருக்கிறேன்! எனக்கு அந்த அகல டயர் மேல் ஆசை ஒன்றுக்குப் பத்தாக ஏறிவிட்டது.

"மலைக்கு ஒடுங்குன குளம்புதான் ஆகும், அகலக் குளம்பு சேத்துல மிதக்கும்னு நீதான எனக்குச் சொல்லிக்குடுத்தே" என்றான்.

"அது மாடு. இது டயரு" என்றேன். தப்பாங்க? மாடும் டயரும் ஒன்றா?

"சொன்னாக் கேளுடா."

"என்ன விலை, அதைச் சொல்லு."

"அட்டையில போட்டிருக்குது. இது டயர் கடை, சந்தையில்ல."

கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் அட்டை விலைக்கு வாங்கிக்கொண்டு போனால் தரகன் ராக்கி என்று எவன் மதிப்பான்? தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் கைமேல் போட்டேன். கையை உள்ளே விட்டேன். அவன் சிரித்தான். ரொம்ப வருஷம் கழித்து அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. நிசம்தானுங்க, மறைக்க மாட்டேன்.

அவன் விரலைப் பிடித்தேன், அட்டை விலையில் பாதிக்குக் கீழே. அவன் தர மாட்டான், சண்டை போடலாம், ஒரு மணி நேரம் ஓட்டலாம் என்றுதான் அவ்வளவு கீழே போனேன். அவன் சிரிப்பு நின்றது. என் முகத்தையே பார்த்தான். பிறகு சுண்டுவிரல் அடியில், நகத்தால், ஒரு அமுத்து.

இதோ, இந்த இடம். தடம் ரெண்டு நாள் இருந்தது. அவ்வளவு அழுத்தம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எங்கள் அமுத்தை, எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமான அமுத்தை, எடுத்து என் மேலேயே வீசுகிறானே? என்னை விரட்டிவிட்டு அந்த டயரை எவனுக்கோ விற்கப் பார்க்கிறானே? துண்டை உதறினேன். "என்ற விலை அதான். குடுக்கறியா இல்லையா?" என்று கத்தினேன். அந்த ஒல்லி டயரைக் காலால் எட்டித் தள்ளினேன். அது உருண்டு ரோட்டுக்குப் போய்விட்டது.

அவன் ரோட்டுக்குப் போய் டயரை உருட்டிக்கொண்டு வந்து சாத்தினான். கையைத் துடைத்தான். "எடுத்துட்டுப் போ" என்றான். மாட்டுகிற கூலிகூட வாங்கவில்லை.

அங்கேதாங்க என் கழுத்தை அறுத்தான். ஏன் கொடுத்தான்? நல்லவன் என்றால் கொடுத்திருக்கக் கூடாது இல்லையா? "செத்தாலும் தர மாட்டேன் போடா" என்று கடையைச் சாத்தியிருக்கணும் இல்லையா? நான் கேட்ட விலைக்கு ஒருத்தன் கொடுக்கிறான் என்றால் அதில் சூது இருக்கிறது. அது எனக்குத் தெரிந்திருக்கணும். ஜெயித்த சந்தோஷத்தில் தெரியாமல் போய்விட்டது.

வண்டியில் மாட்டினதும் பார்க்கணுமே. கோயில் ஆனை மாதிரி நின்றது. சரசக்கா இதே இடத்தில் நின்று பார்த்தது.

"டயரு நல்லாத்தான் இருந்துச்சு. வண்டிதான் அதுக்குள்ள காணாமப் போச்சு."

சிரிங்க டீச்சர், பரவாயில்லை.

ஐப்பசி இரண்டாம் வாரம். மூணு நாளாக மழை. தீபாவளி அரிசி, பதினொரு பேர், கீழேயிருந்து ஏறுகிறேன். ஆனைத்தாரை என்று ஒரு திருப்பம் வரும், இந்தப் பக்கம் மண்மேடு, அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. அங்கே ஸ்டீரிங் கையில் லேசாகிவிட்டது. லேசாக என்றால், தண்ணீரில் கை வைத்த மாதிரி. டயர் சேற்றின் மேல் மிதக்கிறது. கீழே பாறையைத் தொடவே இல்லை. பின்பக்கம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஒன்றுமில்லாத பக்கம் போகிறது.  பதினொரு பேரும் மேட்டுப் பக்கமாக நகர்ந்து ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்தார்கள்.

மேட்டுப் பக்கம் ஒடித்தேன். பாறை விளிம்பில் முன்டயர் ஏறியது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நாலு விரல் நீளம், சைடில், அவன் வெடிப்பைக் காட்டினானே அதே பக்கத்தில். வண்டி மண்மேட்டில் சாய்ந்து படுத்தது. அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்து உங்களுக்குக் கதை சொல்ல மாட்டேன்.

உயிர்ச்சேதம் இல்லை. ஜடையம்மா என்று ஒரு அம்மா, பசுவண்ணனுக்கு அத்தை முறை, அவளுக்கு வலது கை ஒடிந்தது. கம்பளியில் தூளி கட்டிக் கீழே தூக்கிக்கொண்டு போனார்கள். மிச்சப் பேர் அரிசியைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் மேலே நடந்தார்கள். ஒருத்தர்கூட என்னைத் திட்டவில்லை டீச்சர். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். ஜடையம்மா மட்டும் தூளியிலிருந்து எட்டிப்பார்த்து, "ராக்கியண்ணா, உனக்கு ஒண்ணும் அடிபடலையே?" என்றாள். அதற்கு நான் என்ன விலை சொல்வது?

அடுத்த வாரம் பசுவண்ணன் வந்தான். அவனும் ஒரு ஜீப்பு வாங்கி ஆறு மாதமாகச் சும்மா வைத்திருந்தான். "அண்ணா, மழை முடியற வரைக்கும் நான் ஓட்டச் சொல்லி ஊர்ல பேசியிருக்குது" என்றான். தலையை நிமிர்த்தவில்லை. நல்ல பையன். மழை முடிகிற வரைக்கும் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை கைமாறின கயிறு திரும்பி வராது.

பசுவண்ணன் திரும்பிப் போகும்போது பார்த்தேன். அவன் ஜீப்பில் அந்த ஒல்லி டயர். நான் எட்டித் தள்ளினது. அஞ்சும்.

விடுவேனா? அன்றைக்கே பஸ் ஏறிப் போனேன். கடை வாசலில் நின்று கத்தின கத்தில் எதிர்க்கடைக்காரன் வெளியே வந்துவிட்டான். "எனக்குன்னு வரவெச்ச டயர எப்படிடா அவனுக்குக் குடுத்தே?" என்றேன்.

"அந்த ரோட்டுக்குன்னு வரவெச்சது. ரோடு அதேதான்" என்றான்.

"ஏன்டா சொல்லலை? பதினோரு பேரு இருந்தாங்க வண்டியில. ஏன்டா வாயத் தொறந்து சொல்லலை?"

அவன் ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான். "வாயில மூணு தடவ சொன்னேன், ராக்கி. வாயை நீ என்னைக்கு நம்புனே? அதனாலதான் விரல்ல சொன்னேன்."

அவ்வளவுதான். 

எப்படி நம்புவதுங்க? நீங்க படித்தவங்க, நீங்களே சொல்லுங்க. அந்த அமுத்தை நான் எப்படி நம்புவது?

இல்லை, அதுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது வியாபாரம், பெரிசா ஒன்றும் இல்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஆடித் தேர்ச்சந்தை. பர்கூர் மலைக்காளை ஒரு ஜோடி வந்தது. செவலையில் வெள்ளைத் தெறிப்பு. இரண்டும் ஒரே அச்சு. அவனுக்கு அந்த ஜோடி மேல் உயிர். தரகு வேண்டாம், சொந்தமாக வண்டி கட்டி ஓட்டிப் பிழைக்கலாம் என்று அவனுக்கு ஆசை. சேர்த்து வைத்ததையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அன்றைக்கு நான் விற்கிறவன் பக்கம் நின்றேன். துண்டைப் போட்டோம். 

நான் அமுத்தினேன். சுண்டுவிரலில்.

மாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. கர்நாடகத்துப் பார்ட்டி ஒருத்தன் எங்கிட்ட முந்தின நாளே சொல்லியிருந்தான், இந்த மாதிரி ஜோடி கிடைத்தால் என்ன விலையும் தருகிறேன் என்று. அதை விட முடியுமா? இவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான், துண்டை எடுத்து உதறினான், போய்விட்டான். மறுநாள் நான் என் பெரியப்பன் மகனை விட்டு வாங்கி அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். அந்த லாபத்தில்தான் அதோ நிற்கிறதே, அந்த வண்டிக்கு முன்பணம் கட்டினேன்.

அவனுக்கு நாலு நாளில் தெரிந்துவிட்டது. சந்தையில் எதுவும் ஒளியாது. அவன் வந்து என் சட்டையைப் பிடிப்பான் என்று காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. சந்தைக்கே வருவதை நிறுத்திவிட்டான். பவானி ரோட்டில் ஒரு மரத்தடியில் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தான். என் வண்டி பூசைக்கு வந்தான், டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்ததே அவன்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினாலு வருஷம் என் டயருக்கு அவன்தான் பஞ்சர் ஒட்டினான், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காதவனை எப்படிங்க நம்புவது? கேட்டுச் சண்டை போட்டிருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவன் மனசுக்குள் வைத்திருந்தான், சமயம் பார்த்து அதே அமுத்தில் என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறான் என்றுதானே நினைப்பேன்? நான் பொய்யாக அமுத்தினது ஒரே ஒரு தடவை. அவன் அதற்கப்புறமும் நிசமாகத்தான் அமுத்துவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? யார் அப்படி இருக்கிறார்கள்? என்ன சரசு, ஏன் மூஞ்சியை அப்படி வைத்திருக்கிறே?

"ஒண்ணுமில்ல. உன்ற டீயக் குடி. ஆறுது."

தப்பு அவன் மேல்தான். நிசம் சொல்கிறவன் நிசம் மாதிரிச் சொல்லணும்.

அதோ, சத்தம் கேட்கிறது. பசுவண்ணன் வந்துவிட்டான். முன்சீட்டில் உட்காருங்க டீச்சர், ஜன்னல் பக்கம் வேண்டாம். ஆனைத்தாரையில் பயப்படாதீங்க. அந்த டயர் பிடிக்கும். பார்க்க நோஞ்சானாக இருக்கும், ஆனால் பிடிக்கும்.

சனிக்கிழமை இறங்கி வருவீங்க இல்லையா? பவானி ரோட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரில்தான் அவன் கடை. உள்ளே போங்க. ராக்கி வண்டி கல்லு மேல் நிற்கிறது என்று சொல்லுங்க. இந்த மாதிரி அஞ்சு டயர், அவனே கொண்டுவந்து அவன் கையால் மாட்டிக்கொடுக்கணும். கூட ஒரு தடவை அந்த ஏழு கிலோமீட்டரும் என்னோடு வரணும். லைன் கிடைக்காவிட்டால் போகிறது, ஜடையம்மாவைப் பார்த்துவிட்டு வரணும், தனியாகப் போக எனக்குக் கால் வரவில்லை. துண்டு வேண்டாம். விலையை வாயால் சொல்லட்டும், நாலு பேர் கேட்கச் சொல்லட்டும். நான் பேரம் பேச மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீங்க டீச்சர். நம்ப மாட்டான். புதுசா வந்த ஊரில் உங்களையும் பொய்க்காரி என்று நினைத்துக்கொள்வான்.

அவன் பண்ணினது இது. அவன்தான் வரணும். எத்தனை வருஷம்தான் ஒரு மனுஷன் ஒன்றும் கேட்காமல் இருப்பான்? வந்து கேட்கச் சொல்லுங்க. கேட்டுவிட்டு, சரி பண்ணிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்க.